தண்ணீர் குடித்த ஹெட் நர்ஸ்

மரகதம் சிஸ்டர் இறந்துபோன செய்தி, நான் ஏற்காடு கடைவீதியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. பழைய வார்டுத் தோழி செல்வி போனில் அழுதாள். தூக்கத்திலேயே மாரடைப்பாம். அவரோடு எங்கள் தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் இந்நேரம் தெரிந்திருக்கும். மிகவும் சாந்தமானவர் என்று இப்போதே சிலர் சொல்லித் திரிகிறார்கள். செத்தவர் எழுந்து மறுத்துப் பேசமாட்டார் என்ற தைரியம்தான்.

பெண்கள் வார்டின் ஹெட் நர்ஸ் அவர். சாந்தம் அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. முட்டாள்தனத்தைக் கண்டால் முகம் சுளிப்பார். எங்களிடம் அதற்குப் பஞ்சமும் இல்லை. ட்யூட்டிக்கு வருமுன் குடிக்கும் டீயே கடைசி, அதற்குப் பிறகு வேலை முடியும்வரை தண்ணீரைத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். புதிதாக வரும் பெண்ணுக்கு ஊசி மருந்து எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவோம். மாடிக் கழிப்பறை நிர்வாகத்தின் விருந்தாளிகளுக்கென்று பூட்டியே கிடக்கும். எங்களுக்கானது கீழே வேறு கட்டடத்தில். மழையானாலும் பனியானாலும் படி இறங்கித்தான் போகவேண்டும். வார்டை ஆளில்லாமல் விடவும் கூடாது. மலைக்குளிரில் தாகமும் அவ்வளவாகத் தெரியாது; குடிக்காமல் இருப்பதே சாமர்த்தியம் என்று முடிவுகட்டிவிட்டோம். போகப்போக அது பெருமையாகவும் ஆனது.

"காலையிலருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலீங்க சிஸ்டர்" என்று செல்வி ஒருநாள் பீற்றிக்கொண்டாள்.

சிஸ்டர் தன் பாட்டிலை எடுத்து நிதானமாகக் குடித்துவிட்டுக் கேட்டார். "எதுக்குக் கண்ணு? மாலை போடறேன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

அவர் குடிப்பார். நேரம் வந்தால் எங்களில் ஒருத்தியை உட்காரவைத்துவிட்டுக் குடையோடு படி இறங்குவார். நர்சுகள் மேசையில் தண்ணீர் பாட்டில் இருப்பது பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று மேனேஜர் ஒருமுறை சொன்னார். சீழும் ரத்தமும் வாந்தியும் இருக்கிற இடத்தில் அவர் கண்ணுக்கு அசிங்கமாகப் பட்டது தண்ணீர். நோயாளிகளைக் குடி குடி என்று நாள் பூராவும் அதட்டுகிறோமே, நாங்கள் குடித்தால் மட்டும் அசிங்கமா என்று சிஸ்டர் கேட்டார். பாட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. நாங்கள் அப்போதும் திருந்தவில்லை.

அந்த வருடக் காய்ச்சல் காலத்தில் நான் ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்குமுன் ஒன்று கலைந்துபோயிருந்தது. கட்டில் போதாமல் தரையிலும் நோயாளிகள். ஒருநாள் எனக்கே குளிர் நடுக்கம் எடுத்தது, இடுப்பு வலித்தது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். சிஸ்டர் என் வறண்ட உதட்டைப் பார்த்தார்.

"கடைசியா எப்பக் கண்ணு ஒண்ணுக்குப் போன?"

எனக்கு நினைவில்லை. சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் ஏறியிருந்தது; வயிறு விட்டுவிட்டு இறுகத் தொடங்கியிருந்தது. பிரசவம் இப்போதே ஆகிவிடுமோ என்று டாக்டர் பயந்தார். நான் வேலை பார்த்த வார்டிலேயே ட்ரிப் ஏறப் படுத்துக்கிடந்தேன். இதுவும் போய்விட்டால் நான் எழுந்திருக்கமாட்டேன் என்றுதான் தோன்றியது. சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுத்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வயித்துப் புள்ளைக்குத் தண்ணி குடுக்காத நர்சு. நொம்பப் படிச்சவ" என்று முணுமுணுத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் மேனேஜர் நலம் விசாரிக்க வந்தார். இந்தக் காலத்துப் பெண்கள் உடம்பைக் கவனித்துக்கொள்வதில்லை என்று வருத்தப்பட்டார். சிஸ்டர் எழுந்தார். தான் கீழே போகவேண்டும், செல்வி சாப்பிடப் போயிருக்கிறாள், வார்டைத் தனியே விடக்கூடாதென்பது மேனேஜரே போட்ட சட்டம், ஆகவே அவரே கொஞ்சம் உட்காரட்டும் என்று நாற்காலியைக் காட்டினார். மேனேஜர் சிரித்தார். சிஸ்டர் சிரிக்காமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சற்று நேரத்தில் ஒருத்தி பெட்பேன் கேட்டாள். டை கட்டிய மனிதர் அதைத் தேடி வார்டு முழுக்க அலைந்தார். படுத்தபடியே நான்தான் இடம் சொன்னேன். அதற்கடுத்த நாட்களிலும் கீழே போகவேண்டிய போதெல்லாம், வார்டில் வந்து உட்காரச் சொல்லி சிஸ்டர் விடாமல் அவருக்கு ஆளனுப்பினார். அந்த வாரமே மாடிக் கழிப்பறை எங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. என் மகள் நாள் நிறைந்து, நல்லபடியாகப் பிறந்தாள்.

நேற்று கரடியூரில் சிஸ்டரை அவர் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அதே மேனேஜர், இப்போது இன்னும் பெரிய பதவியில், சேலத்திலிருந்து காரில் வந்து இறங்கினார். இறங்கியதும் அழுதுகொண்டிருந்த சிஸ்டரின் மருமகளிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழி காட்டினாள். திரும்பி வந்து, ஈரக் கையைக் கைக்குட்டையில் ஒற்றியபடி மாலையைச் சாத்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"ட்யூட்டி முடியற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கமாட்டாங்க. அப்படி ஒரு அர்ப்பணிப்பு."

நான் அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

"ஏனுங்க சார், நீங்களும் திரும்பிச் சேலம் போற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருந்திருக்கலாமுங்களே" என்றேன்.

அழுதுகொண்டிருந்த மருமகள் சிரித்துவிட்டு மறுபடி அழுதாள். எனக்கும் அப்போதுதான் கண்ணீர் வந்தது. சிஸ்டரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த நாக்கைத்தான். என் மகளுக்கும் அதைக் கொடுத்துவிட்டுத்தான் போவேன்.