இடப்பக்கம் திரும்பியபோது

முதலில் சுற்றியது முகட்டு மின்விசிறி. அதை நான் போடவே இல்லை. சுபஹ் தொழுகைக்கு எழும்ப, படுத்தபடியே இடப்பக்கம் திரும்பினேன். விசிறியும் அலுமாரியும் சுவரும் ஒரே பக்கமாக ஓடின. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். சற்று நேரத்தில் நின்றது. கணவர் மௌத்தாகி, கல்முனையில் எங்கள் வீட்டில் நான் இத்தாவில் (கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் காலம்) இருந்த நாட்கள் அவை.

இடப்பக்கம் அவருடைய பக்கம். கலியாணமான காலந்தொட்டு அவருடைய குறட்டையைத் திட்டிக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்துத்தான் தூங்குவேன். சுற்றத் தொடங்கியபின் சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

பக்கத்து வீட்டில் இருக்கும் என் ராத்தா (அக்கா), கவலைதான் காரணம் என்று முடிவு கட்டினார். முட்டைக் கோப்பி வந்தது, கஞ்சி வந்தது, ஓதிய தண்ணீரும் வந்தது. சுற்று மட்டும் போகவில்லை. சுஜூதில் நெற்றியை வைத்து நிமிர்ந்தால் பாய் சரிந்தது. கதிரையில் இருந்து தொழுதேன். நெற்றி நிலத்தில் படாத தொழுகை எனக்கு மனதோடு ஒட்டவில்லை. இனி மௌத்து வரை இப்படித்தானோ என்று பயந்தேன்.

"டொக்டரிட்டப் போவமா ராத்தா?"

"இத்தாவில இரிக்கிற பொம்புள படி தாண்டுறயா? ஊர் என்ன கதைக்கும்?"

நானும் அதை நம்பினேன்.

ஒரு நாள் நண்பகல் லுஹருக்கு, பிடிவாதமாகப் பாயில் தொழுதேன். நிமிரும்போது கதிரைக் காலில் விழுந்து புருவம் வெடித்தது. விஷயம் கேள்விப்பட்டு, தோஹாவிலிருந்து மகள் அழைத்தாள்.

"உம்மா, மருந்துக்குப் போறது தடையில்லயாம். மௌலவிட்ட கேட்டுட்டன். இப்பவே வெளிக்கிடுங்க."

டொக்டர் இளம் பெண். காயத்துக்கு மருந்து கட்டிவிட்டு, படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார்.

"எழும்பக்குள்ள மட்டுமா சுத்துது? படுத்துத் திரும்பினாலுமா?"

"திரும்பினாலும். இடப்பக்கம்."

எழும்பும்போது மட்டும் கண் இருண்டால், பிரஷர் இறங்குவது, உடம்பில் தண்ணீரோ இரத்தமோ குறைவது, பிரஷர் குளிசை கூடுவது என்று பல காரணம் இருக்கலாமாம். படுத்துத் திரும்பும்போதும் சுற்றினால் காதைப் பார்க்க வேண்டுமாம். உட்காதில் சமநிலைக்கு உதவும் நுண்ணிய சுண்ணத் துகள்கள் இடம் பெயர்ந்திருந்தன. காதுக்குள் கல்லா? தலை முழுக்கவே கல்தான் என்று என் கணவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். சிரிப்பு வந்தது. சொல்ல ஆளில்லை.

டொக்டர் என் தலையை இடப்பக்கம் திருப்பிச் சாய்த்தார். உலகம் ஓடியது. பிறகு மெதுவாக வலப்பக்கம் திருப்பி, உடம்பையும் புரட்டி, இருத்தினார்.

"எனக்கும் ஒருக்காச் செஞ்சி விடுங்க டொக்டர்" என்றார் கூட வந்திருந்த ராத்தா.

ஒரே தடவையில் போகவில்லை. திரும்பப் போய்ச் செய்தபின் அடங்கியது. இதே சுற்று உள்ளவர்கள், இத்தாவில் இருந்தாலும் போய்க் காட்டுங்கள். பேச்சுக் குழறினால், கை கால் மரத்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால் ஒரு நொடியும் பொறுக்க வேண்டாம்.

சுற்று அடங்கிய அன்று, மாலை அசர் தொழுகையில் என் நெற்றி பாயைத் தொட்டது. நிமிர்ந்தேன், சுவர் சுவராகவே நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

பிறகு கட்டிலில் சாய்ந்து, பயந்து பயந்து இடப்பக்கம் திரும்பினேன். ஒன்றும் அசையவில்லை. அவருடைய தலையணை உறை சுருங்காமல் கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்காதிருக்க இவ்வளவு நாளும் எனக்கொரு நோய் இருந்தது. இப்போது சுகம். தலையணையில் கையை வைத்துக்கொண்டு, அந்தி மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அழுதேன்.