கல்யாணச் சட்டையோடு பட்டறையில்

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது இது. டிராக்டரின் பின்னால் மாட்டிப் புல் வெட்டுகிற மெஷின் அப்போது எங்கள் வட்டாரத்திலேயே எங்களிடம்தான் இருந்தது. அதனால், வெளியூர் ஜனங்கள் வந்து தங்கும் செங்கம் ரோடு மைதானத்தைச் சுத்தம் பண்ணும் வேலை என் கணவரிடம் வந்தது. மழைக்கு இடுப்பளவு வளர்ந்திருந்த புல்.

காலையில் பாதி வெட்டியிருப்பார். புல்லுக்குள் கிடந்த கல்லில் பிளேடு மோதி, டமார் என்று சத்தம். கியர்பாக்ஸைப் பிரித்தால் உள்ளே ஷாஃப்ட் இரண்டு துண்டு. புதுசு மெட்ராஸிலிருந்து வர ஒரு வாரமாகும். மறுநாள் மாலையே குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து படுத்துவிடுவார்கள்.

உடைந்த துண்டுகளோடு நானும் அவரும் டவுனுக்குப் போனோம். கேட்ட இடமெல்லாம் ஒரே லேத் பட்டறையைத்தான் காட்டினார்கள். போனால் கதவு பூட்டியிருக்கிறது. "பாய் பொண்ணுக்கு இன்னிக்கு நிக்காஹ்ங்க" என்றார் பக்கத்து டீக்கடைக்காரர்.

அவர் காட்டிய தெருவுக்குப் போனோம். பந்தலும் கூட்டமும் பார்த்ததும் கேட்க வாய் வரவில்லை. திரும்பி நடந்தோம். பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னா தம்பி, உடைஞ்ச ஷாஃப்ட்டைக் கையில வெச்சிக்கினு பேசாம போறீங்க?"

வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. பாய்தான். என் கணவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். பாய் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார்.

"கைக்குழந்தைங்களோட வந்து படுக்கற இடமாச்சே. பூச்சி பொட்டு ஜாஸ்தி இருக்கும். மொதல்ல சாப்பிடுங்க, நிக்காஹ் முடிஞ்சிடுச்சி. பொண்ணு கிளம்பறதுக்குள்ள கடைஞ்சிடலாம்."

அவர் மனைவி என் கையைப் பிடித்துப் பெண்கள் பந்தியில் உட்காரவைத்தார். சாப்பிட்டதும் பாய் பட்டறையைத் திறந்து, பழைய லாரி ஆக்ஸில் ஒன்றை எடுத்து லேத்தில் மாட்டினார். அது லேசில் மசியாத இரும்பு. பேரிங் உட்காரும் இடத்தை அளந்து அளந்து கடைந்தார். சட்டையெல்லாம் எண்ணெய். நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. "நீங்க போங்க பாய், நாங்க காத்திருக்கோம்" என்று நான் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

"இதோ ஆச்சும்மா, ஆச்சு" என்றார், தலை நிமிராமல்.

பட்டறை வாசலில் பூச்சரம் கட்டிய அம்பாசிடர் கார் வந்து நின்றது. கல்யாணப் பெண் இறங்கி, கடைசலில் சிதறிய இரும்புச் சுருளை மிதித்துக்கொண்டு நேராக உள்ளே வந்தாள்.

"அத்தா, கிளம்பறேன்."

பாய் இரண்டு கைகளையும் பின்னால் மறைத்துக்கொண்டார். "கிட்ட வராதம்மா, பட்டுச்சேலை" என்றார். அவள் கேட்கவில்லை. அந்த எண்ணெய்க் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

கார் போன பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தார். மறுநாள் மிச்சப் புல்லை வெட்டும்போது இரண்டு விரியன் பாம்புகள் வெளியே ஓடின. அன்று மாலை அதே இடத்தில் துணி விரித்துக் குழந்தைகளைத் தூங்கவைத்தார்கள்.

எத்தனையோ பேர் எனக்கு உதவியிருக்கிறார்கள். ஆனால் மகளை வழியனுப்பும் நேரத்தில் பாதியை, முன்பின் தெரியாத எங்களுக்காகவும் முகமே தெரியாத அந்தக் குழந்தைகளுக்காகவும் கொடுத்த மனிதரை நினைத்தால், இன்றும் என் கைகள் தானாகவே குவிகின்றன.