நடுவில் இருந்த இரண்டு அட்டைகள்

நேற்று ஜெசிந்தா போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஓரத்தை வளைவாக வெட்டிய இரண்டு கல்யாண அழைப்பிதழ்கள். போன மாதம் இறந்துபோன அவள் அப்பாவின் தகரப்பெட்டியில் கிடைத்தனவாம். பார்த்ததுமே எனக்கு மைதாப் பசை மணத்தது.

நாகர்கோவிலில் நாங்கள் பி.எஸ்சி. கணக்கு ஒன்றாகப் படித்தோம். நான் வயல்காட்டு ஊர், அவள் கடற்கரை. கடைசி வருடக் கண்காட்சிக்கு இரண்டு மாறிகள் உள்ள சார்பு ஒன்றை வரைந்து காட்ட வேண்டும். தட்டைத் தாளில் அதை எப்படி வரைவது என்று நான் முழித்தேன். முழிப்பதில் எப்போதும் நான்தான் முதல் ரேங்க். ஒரு மாறியை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் நகர்த்தினால் ஒரு கோடு வரும், அதை அட்டையில் வெட்டலாம், பிறகு பிடித்ததைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் அடுத்த அட்டை என்றாள் ஜெசிந்தா. அட்டைகளை மைதாப் பசை தடவித் தெர்மக்கோலில் வரிசையாகக் குத்தி நிறுத்தினால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். அட்டைக்கா பஞ்சம்? எங்கள் வீட்டில் ஒரு கல்யாண அழைப்பிதழையும் எறிந்ததில்லை. பன்னிரண்டு சொந்தக்காரர்களின் கல்யாணத்தை வெட்டித் தள்ளினோம்.

அவள் எடுத்த சார்பு கடலின் ஆழம். மாதா கோயில் கோபுரமும் தூரத்து மலையும் நேர்க்கோட்டில் தெரியும்படி பிடித்துக்கொண்டே கடலுக்குள் போனால் எங்கெங்கே எத்தனை பாகம், அதாவது எத்தனை விரித்த கை நீளம், ஆழம் என்று அவள் அப்பா சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருப்பார். எந்த அட்டைக்கு எது நேர் என்று அவள் முத்து முத்தாக எழுதியும் வைத்தாள். மகள் படித்தவரை போதும் என்றிருந்தார் அவர். இதைப் பார்த்தாவது எம்.எஸ்சி.க்கு விடுவாரென்று அவளுக்கு ஆசை. எனக்கும்தான். அவள் இல்லாமல் நான் எங்கே பாஸாவது?

கண்காட்சிக்கு அவள் அப்பா, எனக்கு மாமா, வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். எங்கள் அட்டைக் கடலைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. நடுவில் புடைத்து நின்றது அவருக்கு மட்டும் தெரிந்த, மீன் அடையும் பாறை. கூடப்பிறந்த தம்பிக்குக்கூட அவர் அதைக் காட்டியதில்லை. பக்கத்துக் கரைக்காரர்கள் நாலு பேர் அங்கேயே நின்றிருந்தார்கள். மாமா நடு அட்டைகள் இரண்டையும் உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். ஜெசிந்தா அழத் தொடங்கிவிட்டாள்.

"நீ ஒருநாளும் வள்ளத்துல ஏறல்லியே மக்கா. நான் சொன்னத கேட்டா இத வரச்ச?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

"அப்பம் நீ மேல படி."

நடுவில் ஓட்டையோடு நின்ற எங்கள் கடலுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஜெசிந்தா எம்.எஸ்சி. முடித்து இன்று கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். இப்போது எல்லா வள்ளத்திலும் ஜி.பி.எஸ். வந்துவிட்டது, அந்தப் பாறை யாருக்கும் ரகசியமில்லை.

படத்துக்குக் கீழே, "மிச்ச பத்தும் ஒங்கிட்டதான இருந்து?" என்று கேட்டிருந்தாள்.

இருந்தது. வீடு மாறியபோது பழைய பேப்பர்க்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன், பாவி. யாரும் பார்க்கக் கூடாதென்று மாமா ஒளித்த இரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. அவளுக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.