பொதுச் சன்னல்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி போனேன். பெண் வீட்டார் எனக்கு அறை போட்டிருந்தது நான் பிறந்து வளர்ந்த வீட்டில். அது இப்போது ஓட்டல். நான் விழுந்து புரண்ட அறைக்கே ஆதார் அட்டையைக் காட்டிச் சாவி வாங்கிய கூத்தை உங்களிடம்தான் சொல்லமுடியும்.

காலையில் ஒருவர் வந்தார். சன்னல் ஓரத்தில் ஏசிக் குளிர் கசிகிறதாம், ரப்பர் ஒட்டவேண்டுமாம். ஐம்பது வயது இருக்கும். "நீங்க இங்குட்டு உக்காருங்க சார், தூசி விழும்" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டுப் பசை டப்பாவைத் திறந்தார். நெடி ஏறியதும் எனக்கு மைதாப் பசை நினைவுக்கு வந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. மூக்கு அதையெல்லாம் பார்ப்பதில்லை.

மைதாப் பசை ஆத்தா காய்ச்சுவது. நாங்கள் அம்மாவை ஆத்தா என்றும் அப்பாவை அப்பச்சி என்றும்தான் கூப்பிடுவோம். இதே சன்னலின் கதவு மழையில் ஊறி ஊறி வளைந்து, சாத்தினாலும் விரல் நுழைகிற இடுக்கு விட்டிருந்தது. காரைக்குடியில் என்னய்யா குளிர் என்று சென்னை நண்பர்கள் சிரிப்பார்கள். ஆடியில் அந்த இடுக்கு வழியாகச் செம்மண் புழுதி வரும், மார்கழியில் வாடை வரும். ஆத்தாவுக்கு இழுப்பு. இரண்டும் ஆகாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவர் மூச்சை இழுக்கிற சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன்.

அதனால் இடுக்கில் காகிதம் ஒட்டுவார். பழைய பேப்பர் தீர்ந்துபோனால் என் புத்தகம். பூகோளம் பாதி அந்தச் சன்னலில்தான் இருந்தது. அந்தப் பாடத்தில் நான் வாங்கிய மார்க்குக்கு அதைத்தான் காரணம் சொல்லித் திரிந்தேன். ஆனால் காகிதம் எத்தனை நாள் நிற்கும்? பசையைக் கரப்பான் தின்னும், மிச்சத்தைக் காற்று பிய்க்கும்.

மெல்லிசாக ஒரு ரீப்பர் கட்டையை ஓரத்தில் வைத்து அடித்தால் போதும். அடிக்கத்தான் முடியாது. அறை எங்கள் பங்கு. சுவரும் சன்னலும் எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. ஆளுக்கொரு ஊரில் இருந்தவர்கள் மொத்தமாகக் கூடுவது படைப்புக்குத்தான், முன்னோருக்குச் சேலை வேட்டி வைத்துக் கும்பிடுகிற அன்றைக்கு. அப்பச்சி அதிர்ந்து பேசாத மனிதர். அந்த வருஷம் சாப்பாடு முடிந்து எல்லாரும் வெற்றிலை போடுகிற நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தார்.

"ஆசாரி கூலி, மரம் எல்லாம் என் செலவுண்ணே."

"அதுதான் வேணாங்கிறேன்" என்றார் பெரியப்பா. வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். "இன்னைக்கு நீ செலவழிப்ப. நாளைக்கு உன் மகன் வந்து சன்னல் எங்களதும்பான். பொதுன்னா பொதுவாவே கெடக்கட்டும்."

மற்றவர்கள் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்கள். உள்ளே ஆத்தா இழுக்கிற சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்காமல் இருக்க அது ஒன்றும் அரண்மனை இல்லை.

அறைக்குள் வந்த அப்பச்சியின் முகத்தைப் பார்த்ததுமே ஆத்தாவுக்குப் புரிந்துவிட்டது. "விடுங்க, காயிதமே ஒட்டிக்கிறேன். காயிதத்துக்கு யாரும் பங்கு கேக்க மாட்டாக."

அடுத்த மார்கழியில் ஆத்தா போய்விட்டார். காற்றுதான் கொன்றது என்று சொல்லமாட்டேன். டாக்டர் வேறு பெயர் சொன்னார். ஆனால் எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை.

அவர் படுத்திருந்த இடத்தில் விளக்கேற்றி வைத்தார்கள். கருமாதிவரை அது அணையக்கூடாது. வாடை அணைத்தது. ஏற்றினார்கள், மறுபடியும் அணைந்தது. பெரியப்பா உள்ளே வந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுக்கில் திணித்தார்.

"என்னப்பா, விளக்கு நிக்க வேணாமா? ஆசாரிய வரச் சொல்லுங்க."

ஆசாரி வந்து கட்டையை அடித்தார். கொடுத்த காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. விளக்கு ஆடாமல் எரிந்தது. அப்பச்சி அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் எந்தப் படைப்பிலும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. வீட்டை ஓட்டலுக்கு விடுகிற பேச்சு வந்தபோது மட்டும், ஒருநாளும் ஒத்துப்போகாத பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே நாளில் ஒத்துக்கொண்டார்கள்.

ரப்பர் ஒட்ட வந்தவர் அந்தக் கட்டையைத்தான் உளியால் நெம்பிக்கொண்டிருந்தார். துருப்பிடித்த ஆணிகளோடு கையில் வந்துவிட்டது.

"இத எடுக்குறதுக்கு யாரையும் கேக்க வேணாமா?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதுக்குப் போயி யாரக் கேப்பீக சார்? காத்து வருது, அடைக்கிறோம்."

எங்கள் வீட்டில் அத்தனை பெரிய மனிதர்கள் இருந்தும் ஒருவர் வாயிலும் வராத சொல். பெரியப்பா இல்லை, அப்பச்சி இல்லை, படைப்பும் நின்றுபோயிற்று. இத்தனை வருஷம் சுமந்த கோபத்தை இனி யாரிடம் போய்க் காட்டுவது? சாட்சிக்கென்று மிஞ்சியிருந்தது அந்தக் கட்டை ஒன்றுதான். அதையும் அவர் குப்பையோடு குப்பையாகக் கோணிச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.