சிவப்பு மணியும் பெரியப்பாவின் பேனரும்

எங்கள் குடும்பத்தில் மண் தோண்டுவதற்காகப் பல்கலைக்கழகம்வரை போனவள் அத்தை ஒருத்திதான். "நம்ம ஆளுங்க படிக்காமயே தோண்டுனாங்க, இவ படிச்சிட்டுத் தோண்டுறா" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்த கையோடு, வந்திருப்பது சமையல் கேஸ் தோம்பு கொண்டுவந்த ஆளாக இருந்தாலும் சரி, தங்கையின் பட்டமளிப்புப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் காட்டாமல் விடமாட்டார்.

அப்பா, பெரியப்பா, அத்தை மூவரும் மலேசியாவில் பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் ரப்பரை விட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு மாறியபோது தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். அப்பா ஈப்போவுக்கு வந்து லாரி ஓட்டினார். பெரியப்பா பீடோரிலேயே டயர் கடை போட்டார். தோட்டத்தில் மிஞ்சியது மாரியம்மன் கோயில் மட்டும்தான். ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்குச் சிதறிப்போன குடும்பங்கள் எல்லாம் அங்கே கூடும். அந்தக் கோயிலின் தலைவர் பெரியப்பா. அவரை எதிர்த்து யாரும் நிற்காததால் பல ஆண்டுகளாக அவரே தலைவர்.

எனக்குப் பத்து வயதான அந்த ஆண்டில், கோயிலுக்குப் பின்னால் இருந்த மேட்டில் புதுக்கன்று நடுவதற்காக மண் வெட்டிய இயந்திரம் ஒரு பெரிய கற்பலகையில் முட்டி நின்றது. பக்கத்திலேயே இன்னொரு பலகை. சாதாரணக் கல் இல்லை, யாரோ செதுக்கி நிறுத்தியது. செய்தி எப்படியோ அத்தையின் பேராசிரியருக்குப் போனது. அந்த வட்டாரத்தில் இப்படிக் கற்பலகைகளை நிறுத்தி அமைத்த பழைய கல்லறைகள் உண்டாம். பேராசிரியர் ஒரு மலாய்க்கார அம்மாள். கண்டிப்பானவர் என்று அத்தை சொல்லியிருந்தாள், ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பையிலிருந்து மிட்டாய் எடுப்பார். அவரும் அத்தையும் இன்னும் சில மாணவர்களுமாக வந்து இறங்கினார்கள். தங்குவதற்குக் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டவர் பெரியப்பா. தோட்ட மானேஜரிடம் பேசி இயந்திரத்தை நிறுத்திவைத்தவரும் அவரே. பள்ளி விடுமுறை என்பதால் நானும் அத்தையோடு ஒட்டிக்கொண்டேன்.

அகழாய்வு என்றால் புதையல் என்று நினைத்துப் போயிருந்தேன். அங்கே நடந்ததோ வேறு. பல் தேய்க்கிற பிரஷ்ஷைவிடக் கொஞ்சம் பெரிய பிரஷ்ஷால் நாள் முழுக்க மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒரு விரற்கடை மண் போனால் படம் எடுத்தார்கள், அளந்தார்கள், குனிந்து பார்த்தார்கள். அத்தை குழிக்குள் குப்புறப் படுத்தே கிடந்தாள். கல்யாணத்துக்குப் போனால் சேலை மடிப்பை நிமிடத்துக்கு ஒருமுறை சரிசெய்கிற அதே அத்தை, முழங்கால்வரை சேற்றோடு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, அட்டை கடித்ததுகூடத் தெரியாமல் கிடந்தாள். எனக்குச் சல்லடை கொடுத்தார்கள். வாளியில் வரும் மண்ணைத் தண்ணீர் ஊற்றிச் சலிக்க வேண்டும். கிடைத்ததெல்லாம் சிறுகல்லும் வேரும்தான்.

ஒருநாள் மதியம், மழை கட்டிக்கொண்டு நின்ற நேரத்தில், சல்லடையில் சிவப்பாக ஒன்று மின்னியது. மாதுளை முத்து மாதிரி. எடுத்துப் பார்த்தேன், நடுவில் ஓட்டை.

"அத்தே, பாசிமணி!" என்று கத்தினேன்.

அத்தை குழியிலிருந்து எழுந்து வந்த வேகத்தை இன்றும் மறக்கமுடியவில்லை. மணியை உள்ளங்கையில் வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். பேராசிரியர் வந்தார். அவரும் குனிந்து பார்த்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றாத குறைதான். அது சூதுபவளம் என்று அத்தை சொன்னாள். ரொம்பப் பழசு என்றாள்.

"எவ்ளோ பழசு அத்தே? கொள்ளுத்தாத்தா காலமா?"

"அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாலமா. ரெண்டாயிரம் வருசம்கூட இருக்கலாம்."

"எங்கேருந்து வந்துச்சு?"

"இந்த மாதிரி மணி இந்தியாவுலயும் செஞ்சாங்க" என்றவள் மேலே ஏதோ சொன்னாள். நான் கேட்கவில்லை. இந்தியா என்ற சொல்லோடு என் காது மூடிக்கொண்டது.

அன்று மாலை பெரியப்பா திருவிழாச் சாமான் வாங்க வேனில் பீடோருக்குப் போனபோது என்னையும் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் மணியைப் பற்றியே பேசினேன். கடைசியில் கேட்டேன்:

"பெரியப்பா, அப்ப நம்ம ஆளுங்கதானே இங்க மொதல்ல இருந்தவங்க?"

"ஏன்லா அப்படிக் கேக்குற?"

சொன்னேன். பள்ளியில் வரலாற்றுப் பாடத்தில் எங்களைப் பற்றி ஒரு சின்னப் பத்தி வந்தது: ரப்பர் மரம் சீவுவதற்காகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். ஆசிரியை வெளியே போனதும் பின் பெஞ்சுப் பையன் ஒருவன், ரப்பர்தான் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை என்று என்னைக் கேட்டான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் கெட்டவன் இல்லை. அதற்கு முந்தின நாள்தான் எனக்கு அழிப்பான் கடன் கொடுத்தவன். அதனாலேயே அது இன்னும் அதிகமாக உறைத்தது. இதை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. பெரியப்பாவிடம் சொன்னபோதுகூட அழவில்லை. எப்படியும் மணி கிடைத்துவிட்டது, விடுமுறை முடிந்ததும் அவனுக்கு நல்ல பதில் கொடுக்கலாம் என்ற தெம்பில்தான் சொன்னேன்.

பெரியப்பா சாலையைப் பார்த்தே ஓட்டினார். வழக்கமாக எதிரே வருகிற லாரி டயரையெல்லாம் பார்த்து, யார் கடையில் மாட்டியது என்று குறை சொல்லிக்கொண்டே வருபவர். பீடோரில் இறங்கியதும் எனக்குக் கொய்யாப்பழம் வெட்டி, புளிப்புப் பொடி தூவி வாங்கிக் கொடுத்து, வேனில் உட்காரச் சொல்லிவிட்டு எதிர்வரிசைக் கடைக்குள் போனார். ரொம்ப நேரம் கழித்து வந்தார். அது பேனர் அடிக்கிற கடை என்பதை நான் கவனித்தேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கொய்யாவைத் தின்றுகொண்டிருந்தேன்.

திருவிழாவன்று காலையில் கோயில் கொள்ளாத கூட்டம். ஈப்போ, சித்தியவான், கிள்ளான் என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். மணியின் படம் அதற்குள் எல்லோருடைய கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பெரியப்பா ஒருவரையும் விடவில்லை. பூசை முடிந்து பந்தி போடுவதற்கு முன் சின்ன மேடையில் ஒரு நிகழ்ச்சி. பட்டுப் பாவாடை கட்டி, பூ வைத்து, என்னை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் பேனர் மூடிக் கிடந்தது. பெரியப்பா கயிற்றை இழுத்தார். அது பாதி திறந்து சிக்கிக்கொண்டது. யாரோ ஏறி இழுத்துவிட்டார்கள்.

'ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் வாழ்ந்த தமிழினம்' என்று எழுதியிருந்தது. கீழே மணியின் படம், பூசணிக்காய் அளவுக்கு. அதற்கும் கீழே அத்தையின் படம், பெயர், படித்த படிப்பு.

கைதட்டல் அடங்கவே இல்லை. என் அம்மா கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா ஒலிவாங்கியைப் பிடித்து, "இத நான் சொல்லக் கூடாது, படிச்சவங்க சொல்லணும். பாப்பா, மேல வாம்மா" என்று தங்கையைக் கூப்பிட்டார்.

அத்தை அப்போதுதான் குழியை மூடி வைத்துவிட்டு, அவசரமாகச் சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். காது மடலில் இன்னும் மண். மேடையேறி, திரும்பி, பேனரைப் படித்தாள்.

"அண்ணே, என்னாண்ணே இது?" என்று மெல்லத்தான் கேட்டாள். ஒலிபெருக்கி அதைத் தோட்டம் முழுக்கச் சொல்லியது.

சிலர் சிரித்தார்கள். பெரியப்பா, "சும்மா ரெண்டு வார்த்த சொல்லுமா. ஆமான்னு சொன்னாக்கூடப் போதும்லா" என்றார்.

அத்தை கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாம் அவளைத் தூக்கி வளர்த்த முகங்கள். அவள் பல்கலைக்கழகம் போகும்போது பெட்டி வாங்கிக் கொடுத்தவர்கள், பரீட்சைக்காகக் கோயிலில் விளக்குப் போட்டவர்கள். ஓரத்தில் பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேனரில் இருப்பது அவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் அத்தையின் முகம் புரிந்திருக்கும்.

"அந்த மணி எந்த ஊருலேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றாள் அத்தை. "இந்தியாவுல செஞ்சதா இருக்கலாம். இந்தப் பக்கமே எங்கயாச்சும் செஞ்சதாவும் இருக்கலாம். கை மாறிக் கை மாறி வந்திருக்கலாம். அங்க படுத்திருந்தவங்க யாரு, என்னா பாஷ பேசுனாங்க, அதுவும் தெரியாது. இந்த மண்ணு எலும்பக்கூட மிச்சம் வைக்கல. யாரோ செத்துப் போனாங்க. அவங்க மேல பிரியமா இருந்தவங்க அத்தன பெரிய கல்லத் தூக்கிட்டு வந்து வச்சு, மணியும் போட்டு அனுப்பியிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். மன்னிச்சிருங்க."

யாரும் கைதட்டவில்லை. தூரத்தில் சோற்று அண்டாவின் மூடியை யாரோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஒரு கிழவர், "இதுக்கா இவ்ளோ படிச்சா?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டது மேடைக்கே கேட்டது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அத்தை சொன்ன ஒவ்வொரு 'தெரியாது'க்கும் பின் பெஞ்சுப் பையன் சிரிப்பது போலிருந்தது.

பெரியப்பா ஒலிவாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். சோறு ஆறுது, எல்லாரும் சாப்பிடப் போலாம்" என்றார். தலைவராக அவர் செய்த பேச்சுகளிலேயே அதுதான் மிகச் சிறியது.

பந்தியில் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் இலையைத் தள்ளி வைத்தேன்.

"என்னாம்மா?"

"நீங்க ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க? நான் ஸ்கூலுக்குப் போயி அவன்கிட்ட என்னா சொல்றது?"

"எவன்கிட்ட?"

பெரியப்பாவிடம் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னேன். இந்த முறை அழுகை வந்துவிட்டது. "பெரியப்பாவுக்குத் தெரியும். அவருகிட்டதான் சொன்னேன்" என்று மூக்கை உறிஞ்சினேன்.

அத்தை பிசைந்த சோற்றை அப்படியே விட்டாள். என்னை அணைப்பாள், சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ எழுந்து கைகூடக் கழுவாமல், தண்ணீர்த் தொட்டியருகே ரச வாளியோடு நின்றிருந்த பெரியப்பாவிடம் போனாள்.

இருவரும் பேசியது கேட்கவில்லை. அத்தை தலை குனிந்து நின்றாள். அவள் தோள் குலுங்கியது. பெரியப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டு, விரலை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். சரிதான், மேடையில் மானத்தை வாங்கியதற்கு இப்போது நன்றாகத் திட்டுகிறார் என்று தெரிந்துகொண்டேன். என் பக்கம் நியாயம் கேட்க ஒருவராவது இருக்கிறாரே! அழுகை நின்றது. இலையை இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன்.

இத்தனை ஆண்டுகளாக அதை அப்படியேதான் நினைத்திருந்தேன். போன மாதம் பெரியப்பாவை ஈப்போ மருத்துவமனைக்குக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போனபோது, வரிசையில் காத்திருந்த நேரத்தில், அன்று அத்தையை அப்படித் திட்டியிருக்க வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் என்னை வியப்பாகப் பார்த்தார்.

"திட்டுனேனா? அவள நான் எப்பம்மா திட்டியிருக்கேன்?" என்றார். "ஓடி வந்து நின்னு, 'அண்ணே, புள்ளைக்காகவாச்சும் நான் ஆமான்னு சொல்லியிருக்கணுமோ'ன்னு கேட்டு அழுதா. இப்பப் போயி மைக்குல மாத்திச் சொல்லிடட்டுமான்னா."

"நீங்க?"

"எனக்கும் ஆசதான். ஆனா வேணாம்னுட்டேன். நாளைக்கு நம்ம புள்ளயும் படிக்கும், பொய்யின்னு அதுக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரு பேச்சையும் அப்புறம் நம்பாதுன்னு சொன்னேன். போய் மொதல்ல கையக் கழுவுன்னேன்."

செவிலி அவர் பெயரைக் கூப்பிட்டாள். பெரியப்பா எழுந்து போனார்.

அந்தத் தண்ணீர்த் தொட்டியடியில் பெரியவர்கள் இருவர், எனக்கு எதைக் கொடுப்பது என்று தவித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நான் இலைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, அத்தைக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தபடி, இரண்டாவது முறை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தேன்.