குழாயக்காவின் முன்வாசல்

தெருவில் எல்லோரும் அவளைக் குழாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குடிநீர்க் குழாய் உடைந்தால் ரோட்டைத் தோண்டிச் சரிசெய்கிற ஆட்களுக்கு அவள்தான் மேஸ்திரி. இரும்புக் கம்பி ஒன்றைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, தண்ணீர் கசிகிற சத்தம் கேட்டதும், "இங்க வெட்டுங்கப்பா" என்பாள். வெட்டினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அப்புறம் இடுப்பளவு சேற்றில் நின்று வேலை. இப்படி ஊர் முழுக்கத் தண்ணீர் வரவைக்கிற மகராசி, சாயங்காலம் தன் சொந்த வீட்டுக்குள் நுழைவது மட்டும் பக்கத்துச் சந்து வழியாக.

காரணம், புருஷன் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவள் சேறும் சகதியுமாக முன்வாசல் வழியே வந்து, வாடிக்கைக்காரர் ஒருவரின் வெள்ளைச் சட்டையில் உரசிவிட்டாள். அந்த மனிதர் தெருவே கூடுகிற மாதிரி கத்திவிட்டுப் போனார். "கொஞ்ச நாளைக்குச் சந்து வழியா வாயேன்" என்றார் புருஷன். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று இவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்போது தவழ்ந்துகொண்டிருந்த மகளுக்கு இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது. அந்தக் கொஞ்ச நாள் மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

சந்து என்றால் என்ன சந்து! எதிரே ஒரு பூனை வந்தால்கூட யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். கொல்லைப்பக்கம் ஒரு குழாய், கயிற்றில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் தாள். அதன் மறைவில்தான் குளியல், அங்கேயே கல்லில் அடித்துத் துணி துவைப்பது. வீட்டில் வாஷிங் மெஷின் இல்லையா என்கிறீர்களா? இருந்தது. தைத்த பிறகு சுருங்கக் கூடாது என்று வாடிக்கைக்காரர்களின் துணியை அதில்தான் நனைத்து எடுப்பார்கள். "அந்தச் சேத்துத் துணியை உள்ள போட்டா, அப்புறம் எதை நம்பி நல்ல துணியைப் போடறது?" என்று நாத்தனார் தடை போட்டிருந்தாள். தையல்காரரின் அக்கா அவள். பட்டன் தைப்பது, காஜா எடுப்பது, வீட்டை ஆள்வது எல்லாம் அவள் பொறுப்பு.

அந்த மெஷின் ஒரு நாள் கடகடவென்று ஆடி உயிரை விட்டது. புதிது வாங்க வேண்டும், வைக்க இடம் வேண்டும் என்று பேச்சு வந்தபோது தையல்காரர் சொன்னார், "மெஷினுக்கு ஒரு ரூம் கட்டறதோட, நீ பூட்ஸைக் கழட்டிக் குளிச்சிட்டு வர்றதுக்கும் சேர்த்தே கட்டிடலாம்."

சொன்னதோடு நிற்கவில்லை. வெட்டுமேஜையில் பழுப்புத் தாளை விரித்து, தையல் சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியால் வெட்டி, சட்டைக்கு வெட்டுகிற மாதிரியே அறைக்கும் ஒரு மாதிரித் தாள் தயார் பண்ணிவிட்டார். இங்கே மெஷின், இங்கே குழாய், இங்கே சேற்றுத் துணி மாட்டக் கொக்கி, இங்கே உட்கார்ந்து பூட்ஸ் கழற்ற ஒரு பெஞ்சு.

"பெஞ்சு உசரம் உன் முழங்காலுக்குச் சரியா இருக்கும். நீ தூங்கறப்போ டேப் வெச்சுப் பாத்துட்டேன்" என்றார் வெட்கத்தோடு.

இப்படிப்பட்ட மனுஷனிடம் எப்படித்தான் சண்டை போடுவது? குழாயக்கா தாளை ஆசையாகத் தடவிப் பார்த்தாள். தடவிய விரல் நின்றுவிட்டது.

"ஏங்க, இதுலேருந்து வீட்டுக்குள்ள வர கதவு எங்க?"

தையல்காரர் தாளை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கதவு இல்லை. பாவம், சட்டைக்குப் பை வைத்தே பழகிய கை. பைக்கு மூன்று பக்கம் தையல், ஒரு பக்கம் திறப்பு. அறையையும் வீட்டின் முதுகில் அப்படியே ஒட்டவைத்திருந்தார். இருந்த ஒரே திறப்பு சந்தைப் பார்த்துத்தான் இருந்தது.

"அடடா, மறந்தே போச்சு!" என்று தலையில் கைவைத்தார்.

நாத்தனார் பட்டனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், "எதுக்குடா தம்பி இன்னொரு கதவு? குளிச்சு, துவைச்சு, சுத்தமானதும் சுத்திக்கிட்டு வரட்டுமே. தேய்ஞ்சா போயிடுவா?"

அவ்வளவுதான். இத்தனை வருஷமாக விழுங்கினதெல்லாம் மேலே வந்துவிட்டது.

"பாக்கெட்டுல போட்டு வெக்கறதுக்கு நான் என்ன சில்லறைக் காசா அண்ணி? எனக்கு ரூம் வேணும். ஆனா பின்னாடி வேணாம். இதோ, முன்வாசல்ல, இந்த மூலையில கட்டுங்க. நான் உழைச்சிட்டு வர்றேன், திருடிட்டு வரல."

அவள் கைகாட்டிய மூலையில் வாடிக்கைக்காரர்கள் துணி போட்டுப் பார்க்கிற தடுப்பு இருந்தது.

"அப்ப டிரையல் ரூம்?" என்றாள் நாத்தனார் அதிர்ந்துபோய்.

"அதைப் பின்னாடி வெச்சுக்குங்க. வர்றவங்க சுத்திக்கிட்டுப் போகட்டுமே. தேய்ஞ்சா போயிடுவாங்க?"

தையல்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாக்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் அது நடக்காது என்று அர்த்தம். நாத்தனாருக்கும் அது தெரியும். மறுநாளே கொத்தனாரை வரவழைத்துவிட்டாள்.

சாயங்காலம் குழாயக்கா சந்து வழியே வந்தபோது கொல்லையில் கொத்தனார் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார். சமாதானத்துக்காகச் சமையலறைப் பக்கம் ஒரு கதவைச் சேர்த்திருக்கிறார்களாம். அவள் மண்வெட்டியை எடுத்து, வெளியே கிடந்த மண்ணை வாரிக் குழிக்குள் தள்ள ஆரம்பித்தாள்.

"அக்கா! அக்கா! காலையிலேருந்து தோண்டினது அக்கா!" என்று கொத்தனார் அலறினார்.

"நல்லாத்தான் தோண்டியிருக்கீங்க கொத்தனாரே, குறையே சொல்லல. நீங்க தோண்டுங்க, நான் மூடறேன். தினமும் ரோட்டுல செய்யற வேலைதானே."

நாத்தனார் ஓடி வந்தாள். "பேய் கீய் பிடிச்சிருக்கா உனக்கு?"

"இல்ல அண்ணி. இப்பத்தான் விட்டுது."

குழியை மூடி, பூட்ஸ் காலால் திம் திம்மென்று மிதித்துக் கெட்டிப்படுத்தினாள். அதற்குள் தையல்காரரும் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்து நின்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னேனே. நீங்க பாக்கலாம்னீங்க. நான் பாத்துட்டேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "இங்க பாருங்க, என் வீட்டுக்குள்ள நான் எந்த வழியா வரணும்னு இனிமே யாரும் எனக்குச் சொல்ல வேணாம். நாளையிலேருந்து முன்வாசல்தான். அங்க ரூம் இருந்தா சேறு ரூமோட நிக்கும். இல்லன்னா உங்க மேஜை வரைக்கும் வரும். உங்க இஷ்டம்."

மறுநாள் வந்தாள். பொய் சொல்வானேன், இத்தனை வருஷம் சந்துக்குப் பழகிய கால், முன்வாசல் படியில் தயங்கத்தான் செய்தது. ஆனாலும் ஏறினாள். பளபளவென்று துடைத்த கடைத் தரையில் பட்டை பட்டையாகச் சேற்றுத் தடம் விழுந்தது. நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே துடைத்தாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். தையல்காரர் வெள்ளைத் துணிகளைப் பரண்மேல் ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். ஒரு வாரம் தாங்கவில்லை. ஒரு காலையில் தன் கையாலேயே டிரையல் ரூம் தடுப்பைப் பிரித்துப் போட்டார்.

கொத்தனார், "இதையாவது மூடாம இருப்பீங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே வேலையை ஆரம்பித்தார்.

அறை எழும்பியது. சேற்றுத் தண்ணீர் கடைக்குள் ஓடாமல் இருக்கத் தரை ஒரு படி கீழே. மூலையில் குழாய், பக்கத்தில் புது மெஷின், முழங்கால் உயரத்துக்குப் பெஞ்சு. கடைப் பக்கம் திறக்கிற மாதிரி கதவு. "அவ வந்ததும் கதவைச் சாத்திடு தம்பி. யார் கண்ணுலயும் பட வேணாம்" என்று நாத்தனார் காதைக் கடித்து வைத்திருந்தாள்.

முதல் நாளே சோதனை வந்தது. பெரிய குழாய் ஒன்று வெடித்து, குழாயக்கா தலைமுடியெல்லாம் சேறாக வந்தாள். கடையில் ஓர் அம்மாள் ரவிக்கை அளவு கொடுக்க உட்கார்ந்திருந்தார். நல்ல வாடிக்கை, அக்கம்பக்கத்து வேலையெல்லாம் அவர் கொண்டுவந்து தருவதுதான். இவளைப் பார்த்ததும் புடவையை இழுத்துச் சுருட்டிக்கொண்டார்.

"என்ன டெய்லர், சாக்கடை அள்ற ஆளெல்லாம் முன்வாசல் வழியா வருது?"

குழாயக்காவின் முகம் சுட்டது. அவள் நிற்கவில்லை. அறைக்குள் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பூட்ஸை உருவினாள்.

தையல்காரர் எழுந்து வந்தார். உதட்டில் குண்டூசிகள். கை கதவின் மேல் போய்விட்டது.

"சாத்தாதீங்க" என்றாள் அவள்.

சத்தமே போடவில்லை. நாத்தனாரின் கையில் ஊசி நின்றது. தையல்காரர் கதவைப் பிடித்தபடி நின்றார். பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தார், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"அவ என் சம்சாரம்மா. வேலை முடிஞ்சு வர்றா" என்றார். "கையைத் தூக்குங்க, அளவெடுக்கணும்."

அந்த அம்மாள் சுருட்டியிருந்த புடவையை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். குழாயக்கா இன்னொரு பூட்ஸையும் உருவி, உள்ளே இருந்த சேற்றுத் தண்ணீரைக் கொட்டினாள். மேலே போட்டிருந்த வேலைச் சட்டையைக் கழற்றி, யாரையும் கேட்காமல், புது மெஷினுக்குள் போட்டாள்.