பாட்டுக்கு ஒரு கார்டு

டார்ச் அடிக்க ஒரு செயலியை இறக்கினால் அது என் படங்களைப் பார்க்க அனுமதி கேட்கிறது. மறுக்கும்போதெல்லாம் அண்ணியின் நினைவு வரும்.

கொழும்பில் தையல் வேலை செய்துவிட்டு, அண்ணனைக் கட்டிக்கொண்டு டயகம தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர் அவர். எங்கள் லயத்து வீடுகளில் கேமரா வைத்த முதல் போன் அவருடையதுதான். ஞாயிற்றுக்கிழமை மலைத்தண்ணீர் கொட்டும் பீலியடியில் துணி துவைக்கும்போது எங்களைப் படம் எடுப்பார். ஈரத்தலையும் நைட்டியுமாகச் சிரிக்கிற படங்கள். நான் அப்போது தலவாக்கலைப் பள்ளியில் உயர்தர வகுப்பு படித்தேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தது நான் மட்டுமே. "ஒன்னப் பத்தி ஒரு பேச்சு வந்தா படிப்பு அன்னைக்கோட சரி" என்று அப்பா சொல்லியிருந்தார்.

தேர்த்திருவிழாவுக்கு முன் எல்லாரும் டவுன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்துப் பாட்டு ஏற்றுவார்கள். கார்டைக் கம்ப்யூட்டரில் செருகியதும் அதிலுள்ள படமெல்லாம் கடைக்காரர் முன்னால் விரியும். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அண்ணி மட்டும் பாட்டுக்கென்று தனியாக இன்னொரு கார்டு வாங்கினார்.

"கார்டுக்கும் மாத்துச் சீலையா?" என்று அண்ணன் கிண்டலடித்தார்.

"பாட்டு போடுறவருக்கு நம்ம படம் எதுக்குங்க?" என்றார் அண்ணி.

வகுப்பு முடிந்து அந்தக் கார்டை நான்தான் கொண்டுபோனேன். போனையும் கொண்டுவந்தால் நல்லா செட் பண்ணித் தருவேன் என்றார் கடைக்காரர். கார்டு மட்டும்தான் தந்துவிட்டார்கள் என்றேன். நம்பரைச் சொல்லிவிட்டுப் போ, முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்றார். அதற்கும் அண்ணி பதில் சொல்லி அனுப்பியிருந்தார்.

"பரவால்லண்ணே, நிக்கிறேன்."

"போன்ல என்ன தங்கமா வச்சிருக்கீங்க, தங்கச்சி?"

நான் சிரித்துவிட்டு நின்றேன்.

திருவிழா முடிந்து சில நாட்களில், பஸ்ஸின் பின் சீட்டில் பையன்கள் ஒரு போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். ஒருவன் போனிலிருந்து இன்னொருவன் போனுக்கு ஒரு படம் போய்க்கொண்டிருந்தது. பீலியடியில் பொம்பளப் பிள்ளைகள், பாட்டுக் கடையிலிருந்து வந்தது என்று பேசிக்கொண்டார்கள். இறங்கும் சாக்கில் எட்டிப் பார்த்தேன். நாங்கள் இல்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்கள் வகுப்புக்கு வரும் பெண் ஒருத்தி.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நான் தொடர்ந்து வகுப்புக்குப் போனேன்.

பரீட்சை முடிவு வந்த அன்று அண்ணி என்னைப் பீலியடியில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். எடுப்பதற்கு முன், போனில் எந்தக் கார்டு இருக்கிறது என்று கழற்றிப் பார்த்துக்கொண்டார்.